வெயிலுக்கு வட்டி

சூரிய வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பதைப்பற்றி நாட்டில் இப்போது இரண்டுவிதமான பேச்சுகள் நடந்து வருகின்றன. ஒன்று, "வெயில் இலவசம், ஆகையால் மின்சாரமும் இலவசம், இனி நிலக்கரியும் டீசலும் தாமாகவே ஒழிந்துபோகும்" என்பது. மற்றொன்று, "இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு; ராத்திரியில் வெயில் ஏது? ஏழை நாட்டுக்கு நிலக்கரிதான் கதி" என்பது. முதலாவதைப் பேசுகிறவர்களில் பலர் பேனல் விற்கிறவர்கள். இரண்டாவதைப் பேசுகிறவர்களில் பலர் நிலக்கரியால் பிழைக்கிறவர்கள். விற்கிறவன் பேச்சு இரண்டு பக்கத்திலும் காதைத் துளைக்கின்றதேயொழிய, வாங்குகிறவன் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டுச் சொல்லுவார் அதிகம் பேரைக் காணோம். ஆதலால் நாமே கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமென்று இதை எழுதுகின்றோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காகவும் வாசகர்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பேனாவும் காகிதமும் எடுத்து ஒருமுறை தாங்களே போட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளலாம்.

முதலில், வெயில் மின்சாரமானது எப்படி என்பதைச் சொல்லிவிடுவோம். சூரியனை நம்மவர்கள் எத்தனையோ தலைமுறையாய் ஏழு குதிரை பூட்டிய தேரில் ஏற்றிவைத்துக் கும்பிட்டு வந்திருக்கின்றார்கள். அவ்வளவு கும்பிட்டும் சூரியன் ஒரு குடிசையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்ததாகத் தகவல் இல்லை. 1839-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்தில் பெக்கரல் என்பவர், வெளிச்சம் பட்டால் சில பொருள்களில் மின்சாரம் உண்டாவதைக் கண்டார். 1905-ல் ஐன்ஸ்டீன், வெளிச்சம் எப்படி எலெக்ட்ரானைக் கிளப்பிவிடுகின்றது என்பதற்குக் காரணம் சொன்னார். 1954-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் சேப்பின், புல்லர், பியர்சன் என்கின்ற மூன்று பேர், மணலிலிருந்து எடுக்கின்ற சிலிக்கனைக் கொண்டு, மேலே விழும் வெயிலில் நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக்குகிற தகட்டைச் செய்து காட்டினார்கள். இன்று கடையில் வாங்குகிற பேனல் நூற்றுக்கு 20 பங்குக்கு மேலாகவே மாற்றுகின்றது. மந்திரத்துக்கு இறங்காதது மணலைச் சோதித்தவனுக்கு இறங்கியது.

விலையும் இறங்கியது. 1970-களின் நடுவில் ஒரு வாட் பேனல் இன்றைய பண மதிப்பில் சுமார் 100 டாலர். இன்று அரை டாலருக்கும் வெகு கீழே. உலகத்தில் இதுவரை செய்த பேனல்களின் மொத்தம் இரட்டிப்பாகிற ஒவ்வொரு தடவையும் விலை நூற்றுக்கு 20 வீதம் குறைந்து வந்திருக்கின்றது. செய்யச் செய்யக் கைப்பழக்கம் வருவதுபோலத்தான் இது. ஆனால் அந்தப் பழக்கம் வருகிறவரையில் காசு கொடுத்தவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். ஜெர்மனியில் 2000-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்து, வெயில் மின்சாரம் எவன் செய்தாலும் யூனிட்டுக்கு அரை யூரோ அளவில் உயர்ந்த விலை கொடுத்து வாங்கினார்கள். அந்தப் பணம் வீட்டுக்கு வீடு மின்சாரக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கப்பட்டது. பெரிய ஆலைக்காரர்களில் பலருக்கு அந்த வரியில் சலுகை! 2022-ல்தான் அந்த வசூல் நின்றது. ஜெர்மன் வீட்டுக்காரி கொடுத்த காசில் சீன ஆலைகள் பெருகின. அதனால் விழுந்த விலை இன்று நமக்கு வாய்த்திருக்கின்றது. சந்தையே தானாக இதைச் செய்துவிட்டது என்கிறவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லமாட்டார்கள்.

நிற்க. இனித்தான் நாம் சொல்ல வந்த விஷயம்.

நிலக்கரி மின்சாரத்துக்கும் வெயில் மின்சாரத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் புகையில் மாத்திரம் இல்லை, பணம் கொடுக்கிற காலத்திலும் இருக்கின்றது. நிலக்கரி என்பது அன்றாடம் அரிசி வாங்கிச் சமைப்பது போன்றது. யூனிட் ஒன்றுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய எரித்தாக வேண்டும். நாளைக்கும் அதே அளவு, அதற்கு மறுநாளும் அதே அளவு. வெயில் அப்படியல்ல. இருபத்தைந்து வருஷத்துச் சாப்பாட்டுக்கும் இன்றைக்கே பணத்தைக் கட்டிவிட்டு உட்காருவது போன்றது. பிறகு செலவு என்பது துடைக்கிற துணியும், நடுவில் ஒருமுறை இன்வர்ட்டர் மாற்றுகிறதும்தான். ஆகவே முதலிலே கட்டுகிற பணம் யாரிடம் இருக்கின்றது, இல்லாதவன் அதை என்ன வட்டிக்கு வாங்குகிறான் என்பதைப் பொறுத்தே வெயில் மின்சாரத்தின் விலை ஏற்பட்டுவிடுகின்றது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோவாட் பேனல் கூரையில் போட்டு முடிக்கச் சுமார் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்து வெயிலில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், வருஷத்துக்கு 1,400 யூனிட் கொடுக்கும். இருபத்தைந்து வருஷத்துக்கு 35,000 யூனிட். கையிலே சும்மா கிடந்த பணத்தைப் போட்டவனுக்கு யூனிட் 1 ரூபாய் 70 காசுதான் விழுகின்றது. நூற்றுக்கு 7 வட்டியில் பாங்கிக் கடன் வாங்கி, இருபத்தைந்து வருஷத் தவணையில் கட்டுகிறவனுக்கு அது 3 ரூபாய் 70 காசு ஆகின்றது. நூற்றுக்கு 12 வட்டியானால் சுமார் 5 ரூபாய் 50 காசு. நம் ஊர்களில் சாதாரணமாய் நடக்கிற 2 வட்டி, அதாவது வருஷத்துக்கு நூற்றுக்கு 24 ஆனால், அதே யூனிட் 10 ரூபாய்க்கு மேல்! ஒரே பேனல், ஒரே கூரை, ஒரே வெயில்; விலை மாத்திரம் ஆறு மடங்கு. (பேனல் வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சம் சக்தி குறைவதை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எல்லாருக்கும் சிறிது கூடுமேயொழிய வித்தியாசம் மாறாது.)

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. மாவு மில் வைத்திருக்கிற தோழர் ஒருவர் சென்ற மாதத்தில் நம்மிடம் வந்தார். மில் கூரைமேல் 5 கிலோவாட் போட்டு 3 லட்ச ரூபாய் ஆகியிருக்கின்றது. பாங்கியில் ஈடு கேட்டார்களாம். மில் இருக்கிற இடமோ வாடகை. ஆகவே தெரிந்த ஒருவரிடம் 2 வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மாதம் சுமார் 580 யூனிட் வருகின்றது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் மாதம் மிச்சம் 4,700-க்குக் கொஞ்சம் குறைவு. வட்டியோ மாதம் 6,000. முதலில் ஒரு காசு குறையவில்லை. "வெயில் நல்லாத்தான் அடிக்குதுங்க, வட்டி அதைவிட நல்லா அடிக்குது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தாரேயொழிய நமக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கடன் நூற்றுக்கு 7 வட்டியில், நீண்ட தவணையில் கிடைத்திருந்தால் மாதம் 2,150 ரூபாய் கட்டிவிட்டு 2,500 ரூபாய் மிச்சம் பிடித்திருப்பார்.

இந்தத் தத்துவம் பெரிய முதலாளிகளுக்கு நன்றாய்த் தெரியும். 2010-ம் வருஷக் கடைசியில் மத்திய சர்க்காரின் சூரிய மின்சாரத் திட்டத்துக்கு முதல் ஏலம் விட்டபோது மிகக் குறைவாய்க் கேட்ட விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் 95 காசு. 2017 மே மாதத்தில் ராஜஸ்தானத்துப் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. இந்த இறக்கத்துக்குப் பேனல் விலை குறைந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம், வாங்குகிற வாரியம் பணம் கொடுக்காவிட்டாலும் நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம் என்று சர்க்கார் ஸ்தாபனங்கள் நடுவில் நின்று ஜாமீன் கொடுத்ததாகும். நிலத்தையும் சர்க்காரே சேர்த்துக் கொடுத்தது. ஜாமீன் இருந்ததால் கடன் கொடுத்தவன் வட்டியைக் குறைத்தான்; வட்டி குறைந்ததால் விலை குறைந்தது. கோடீஸ்வரக் கம்பெனிக்கு ஜாமீன் நிற்கலாம், மாவு மில்காரனுக்கு நிற்கக் கூடாது என்று எந்தப் பொருளாதார நூலில் எழுதியிருக்கின்றது என்று கேட்கின்றோம்.

நம் நாட்டுச் சங்கதியையும் மறைக்க வேண்டியதில்லை. ராமநாதபுரம் ஜில்லாவில் கமுதிப் பக்கம் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-ல் எழுந்தது. ஓரிடத்தில் அமைந்தவற்றில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று என்று அப்போது புகழப்பட்டது. அதற்குத் தமிழ்நாட்டு மின்சார வாரியம் ஒப்பந்தம் செய்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு, இருபத்தைந்து வருஷத்துக்கு. அடுத்த வருஷமே பட்லா விலை 2 ரூபாய் 44 காசு. ராஜஸ்தானத்தில் வெயில் அதிகம், சலுகையும் அதிகம் என்பது உண்மை. முதலில் போடுகிறவனுக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுக்கவேண்டியதும் நியாயமே. ஆனால் விலை மளமளவென்று சரிந்துகொண்டிருக்கிற பண்டத்துக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரே விலையில் முடிச்சுப் போடுவது, அறுவடைக்கு முந்தின நாள் பஞ்சகாலத்து விலைக்கு நெல் வாங்கிக் குதிரை நிரப்புவதைப் போன்றதல்லவா?

இனி நிலக்கரிக்காரர் கணக்கையும் பார்ப்போம். "எங்கள் மின்சாரம் மலிவு" என்கிறார்கள். ஒடிசா சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு ஏற்றி, கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவந்து எரிக்கிறோம். போதாததற்கு இந்தோனேசியாவிலிருந்தும் வாங்குகிறோம். 2022-ல் ரஷ்யா உக்ரேன்மேல் படையெடுத்தபோது அயல்நாட்டு நிலக்கரி டன் 400 டாலருக்கு மேல் போயிற்று. அந்த வருஷத்தில் இந்திய சர்க்காரே, வெளிநாட்டு நிலக்கரியை நூற்றுக்கு 10 பங்கு கலந்தே தீரவேண்டுமென்று மின் நிலையங்களுக்கு உத்தரவு போட்டது. எங்கேயோ நடந்த யுத்தத்துக்கு இங்கே கட்டணம் ஏறுகின்றது. வெயிலுக்கு எந்த நாட்டான் எந்த யுத்தத்தில் விலை ஏற்ற முடியும்?

பில்லில் எழுதாத செலவு வேறு இருக்கின்றது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன் பிடிப்பு கெட்டது எந்த யூனிட் விலையில் சேர்ந்திருக்கின்றது? நெய்வேலி அனல் நிலையத்தில் 2020 ஜூலை 1-ந்தேதி கொதிகலன் வெடித்து ஆறு பேர் அன்றைக்கே மாண்டார்கள். காயம்பட்டவர்களில் பின்னால் மாண்டவர்களும் உண்டு. 2023 ஜூலையில் அதே சுரங்கத்துக்காக வளையமாதேவியில் கதிர் வரும் பருவத்து நெல்வயலுக்குள் மண்வெட்டும் யந்திரங்களை இறக்கினார்கள். நிலம் சட்டப்படி எடுத்ததுதான், பணம் கொடுத்ததுதான் என்றார்கள். இருக்கலாம். விளைந்த நெல்லை அறுக்க இரண்டு மாதம் பொறுக்க முடியாத மின்சாரத்தை மலிவு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஆயினும் வெயில் பக்கத்து வக்கீல்கள் மறைக்கிற இரண்டு சங்கதிகளையும் சொல்லாவிட்டால் நாமும் ஒருதலைப்பட்சக்காரர் ஆவோம்.

ஒன்று, நிலக்கரி நிலையங்களோடு வாரியம் செய்திருக்கிற ஒப்பந்தம். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, கல்யாணத்தை வீட்டிலேயே நடத்தினாலும் வாடகை கொடுத்தே தீரவேண்டும் அல்லவா? அதுபோல் மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்துக்கென்று ஒரு நிலைக்கட்டணம் உண்டு. பகலில் வெயில் மின்சாரம் வந்தால் மிச்சமாவது நிலக்கரி வாங்கும் செலவு மட்டுமே. மண்டப வாடகை நிற்காது. ஆகையால் புதிதாய் நிலக்கரி நிலையம் கட்ட இன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறவன், நம் பேரன்மார் தலையில் வாடகை எழுதி வைக்கிறான் என்றே கொள்ளவேண்டும்.

மற்றொன்று, ராத்திரி. விளக்கும் விசிறியும் டெலிவிஷனும் ஓடுகிற நேரத்தில் சூரியன் இல்லை. பாட்டரி விலை 2010-ல் ஒரு யூனிட் சேமிக்கும் அளவுக்கு 1,000 டாலருக்கு மேலிருந்தது, 2024-ல் 115 டாலர் ஆகிவிட்டது என்றாலும் இன்னும் செலவுதான். கோவை ஜில்லாவில் காடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிற நிலையம் 1980-களிலேயே கட்டப்பட்டிருக்கின்றது. ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் ராத்திரியும் அடிக்கின்றது. இவைகளை ஒன்றோடொன்று பிணைத்தால் வழி உண்டு. ஆனால் அந்தப் பிணைப்புக்கும் முதலிலே பணம் வேண்டும். மறுபடியும் வட்டியிலேதான் வந்து நிற்கின்றோம்.

அந்தப் பணம் வாரியத்திடம் உண்டா என்றால், அதற்கு ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் கடன். இதற்கிடையில் பணமுள்ள ஆலைக்காரரும் பங்களாக்காரரும் சொந்தக் கூரையில் பேனல் போட்டுக்கொண்டு வாரியத்திடம் வாங்குவதைக் குறைக்கின்றனர். இதுவரை அவர்கள் கூடுதலாய்க் கொடுத்து வந்த கட்டணத்தால்தான் மற்றவர்களுக்குக் குறைவாய்க் கொடுக்க முடிந்தது. அவர்கள் நழுவினால் கம்பிக்கும் கம்பத்துக்கும் ஆகிற செலவு யார் தலையில் விடியும்? கூரை இல்லாதவன் தலையில்தான். 2024-ல் தொடங்கிய மத்திய சர்க்கார் கூரைத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்லதுதான். ஆனால் ஓலைக் கூரைக்காரனும் வாடகை வீட்டுக்காரனும் எங்கே கொண்டுபோய்ப் பேனல் போடுவது? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 முதல் நடக்கிற ஏற்பாட்டில் அடங்கிவிடுகிறவனுக்குப் பேனலால் மிச்சமாவது என்ன? வெயில் எல்லார் தலையிலும் அடிக்கின்றது; மானியம் மெத்தை வீட்டின் மேலேதான் இறங்குகின்றது.

அப்படியானால் வேண்டாமென்கிறோமா? ஒருக்காலும் இல்லை. கூரை இல்லாதவனுக்கும் பங்கு வைக்கிற விதத்தில் செய்யுங்கள் என்கின்றோம். செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். குஜராத்தில் கேடா ஜில்லாவிலுள்ள துண்டி கிராமத்தில் 2016-ல் ஆறு உழவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். டீசல் எஞ்சினை விட்டுவிட்டுச் சோலார் பம்பு போட்டு, பாசனத்துக்குப் போக மிச்ச மின்சாரத்தைக் கம்பெனிக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்றார்கள். தண்ணீரை வீணே இறைத்தால் விற்கிற மின்சாரம் குறையும் என்பதால் கிணறும் தப்புகின்றது. நம் ஊரில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். 1990 முதல் எல்லா உழவர்க்கும் நடந்துவருகிற இந்த ஏற்பாட்டை எடுக்கச் சொல்வது நம் எண்ணமல்ல. அதற்காக வாரியத்துக்கு வருஷாவருஷம் சர்க்கார் கொட்டுகிற பணத்தில் ஒரு பாகத்தை, உழவனே மின்சாரம் செய்து விற்கும்படியான பேனலுக்கு முதலாகப் போடலாமே என்றுதான் கேட்கின்றோம்.

பஞ்சாயத்தாலும் முடியும். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறைப் பஞ்சாயத்து 2006-ல், வெயிலில் அல்ல, காற்றில் இதைச் செய்தது. ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் போட்டு, பெரும்பாகம் பாங்கிக் கடனாகவே வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊர்ப் பேரில் வாங்கிற்று. தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் போக மிஞ்சியதை வாரியத்துக்கு விற்றது, கடனையும் அடைத்தது. தனி மனிதனிடம் ஈடு கேட்ட பாங்கி, ஒரு ஊரே சேர்ந்து கேட்டபோது கொடுத்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

கடைசியாய்ச் சுரங்கத் தொழிலாளிகள். நிலக்கரி ஒருநாள் நிற்கத்தான் போகின்றது. ஜெர்மனியில் 2020-ல் நிலக்கரியை நிறுத்தச் சட்டம் செய்தபோது, சுரங்க ஜில்லாக்களுக்கென்று 2038 வரையில் 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கினார்கள். நெய்வேலியில் நிலம் கொடுத்தவர்களும் ஒப்பந்தக் கூலிகளும் அப்படி ஒரு ஒதுக்கீட்டை, சுரங்கம் மூடுகிற அன்றைக்கு அல்ல, லாபம் வந்துகொண்டிருக்கிற இப்போதே கேட்கவேண்டும்.

கிராமத்துத் தோழர்கள் அடுத்த கிராம சபையில், சென்ற வருஷம் தெருவிளக்குக்கும் மேல்தொட்டி மோட்டாருக்கும் பஞ்சாயத்து கட்டிய மின்சாரக் கட்டணம் எவ்வளவு என்று எழுந்து கேட்கலாம். பஞ்சாயத்து ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் வெயில் விழுகிற கூரை எத்தனை சதுர அடி என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். இரண்டு எண்களையும் நமக்கு எழுதினால், எந்த வட்டியில் எத்தனை வருஷத்தில் அந்தக் கடன் தீரும் என்ற கணக்கைப் போட்டு, அந்தந்த ஊர்ப் பேரோடு வரும் இதழ்களில் வெளியிடுகின்றோம்.